ஏழு கதிரைகளில் ஒன்று நமக்கு



போன வாரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளி முன்றலில் நாங்கள் நாலைந்து பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் முன்பு படித்த ஒரு தம்பி, இப்போது வங்கியில் வேலை செய்பவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். மேல் நீதிமன்றத்தில் ஜூரராக அமர வருமாறு வந்த அழைப்பாணை.

"சேர், இதுக்குப் போகாம இருக்க ஏதும் வழி இருக்கா? ஒரு மெடிக்கல் எடுத்துக் குடுத்தாச் சரி வருமா?" என்று கேட்டார்.

நின்றவர்களில் இரண்டு பேர் உடனே வழி சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தெரிந்த டொக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றார். மற்றவர், "நமக்கு எதுக்குத் தம்பி இந்தக் கோட்டு வழக்கெல்லாம்" என்றார். போனால் என்ன நடக்கும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அந்த நேரம் சரியான பதில் வாயில் வரவில்லை. இத்தனைக்கும், "இந்த நாட்டில் நமக்கு எங்கே நீதி கிடைக்கிறது" என்று இதே முன்றலில் நின்று நாம் பேசாத நாளில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, பழைய புத்தகங்களைப் புரட்டி, நாம் மறந்துபோன ஒரு வரலாற்றை மறுபடி படித்தோம். அந்தத் தம்பிக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்றே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஜூரி, யூரி, யூரர் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதான். சட்டம் படிக்காத சாதாரணக் குடிமக்கள் சிலர் நீதிமன்றத்தில் அமர்ந்து, சாட்சிகளைக் கேட்டு, "இவர் குற்றவாளி" அல்லது "குற்றவாளி இல்லை" என்று தீர்ப்புச் சொல்லும் முறை. தண்டனையை விதிப்பவர் நீதிபதி. நடந்தது என்ன என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஜூரிமார்.

இந்த முறை நம் நாட்டுக்கு வந்து இருநூறு வருடங்களுக்கு மேலாகிறது.

ஒல்லாந்தர் காலத்தில் குற்ற வழக்குகளை அவர்களுடைய அதிகாரிகளும் நீதிச் சபைகளுமே விசாரித்தன. உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்வதும் அன்றைய முறையில் இருந்தது. கரையோரம் பிரித்தானியர் கைக்கு மாறிய பின் 1799இல்தான் சித்திரவதை பிரகடனம் மூலம் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் வெள்ளைக்காரராகவே இருந்தார்கள். கூண்டில் நிற்பதுதான் நம்மவருக்கு நீதிமன்றத்தில் இருந்த இடம்.

இந்த நிலையை மாற்றியவர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். இளமையை மதுரையில் கழித்தவர், சிறுவயதிலேயே தமிழ் கற்றவர். பின்பு இலங்கையின் பிரதம நீதியரசரானவர். நம் சமூகத்துக்கும் அவர் புதியவரல்லர். சோனகரின் வழக்காறுகளைத் திரட்டிய 1806ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டக் கோவையோடு அவருடைய பெயர் சேர்ந்தே பேசப்படுகிறது. இந்த நாட்டு மக்களுக்குத் தங்கள் நீதியில் தாங்களே பங்கெடுக்கும் உரிமை வேண்டும் என்று அவர் இங்கிலாந்தில் வாதாடினார். அப்படிப் பங்கு கிடைத்தால் பொய்ச் சாட்சி குறையும், சட்டத்தின் மீது மக்களுக்கு மதிப்பு வரும் என்பது அவருடைய எண்ணம். 1810ஆம் ஆண்டின் அரச சாசனத்தின்படி 1811இல் இங்கே ஜூரி முறை தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு ஜூரி சபையில் 13 பேர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து இந்தியாவின் பெரிய நகரங்களில் சுதேசிகள் ஜூரியில் அமர 1826இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. அப்போதும், கிறிஸ்தவர் ஒருவர் மீதான வழக்கில் இந்துவோ முஸ்லிமோ அமர முடியாது என்ற தடை இருந்தது. இலங்கையில் அதற்கு 15 வருடங்களுக்கு முன்பே சிங்களவரும் தமிழரும் சோனகரும் ஜூரர் பட்டியலில் ஏறிவிட்டார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் "ஊழியம்" என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டிருந்த சமூகம் நம்முடையது. அந்தச் சமூகத்தின் மனிதர்கள், அரசனின் நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வந்தார்கள். வாக்குரிமை வருவதற்கு நூறு வருடங்களுக்கும் மேலாக முன்னரே வந்த உரிமை இது.

இந்த ஆசனம் அமர்ந்தவர்களையும் மாற்றியது. 1816இல் ஜோன்ஸ்டன் கொழும்பின் ஜூரர் பட்டியலில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார். அவர்களில் பலர் வீட்டில் அடிமை வைத்திருந்தவர்கள். இன்னொரு மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை பெற்றவர்கள், தங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளையை அடிமையாக வைத்திருப்பது தகுமா என்பதே அதன் சாரம். 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சட்டப்படி அடிமை முறை இங்கே முற்றாக ஒழிய 1844 வரை சென்றது. ஆனால் முதல் அடி ஜூரி ஆசனத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டது. நீதி சொல்ல உட்கார்ந்தவனிடம், உன் வீட்டிலும் நீதி இருக்கிறதா என்று அந்தக் கதிரையே கேட்டிருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஜூரர் பட்டியல்கள் சாதி வாரியாக, சமூகம் வாரியாகப் போடப்பட்டன. சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே இடம். மீன்பிடிப்பவரோ, வயலில் கூலிக்கு நின்றவரோ, தோட்டத் தொழிலாளியோ அந்தக் கதிரையில் அமரவில்லை. பெண்களுக்கு அன்று இடமே இல்லை.

காலப்போக்கில் சாதிப் பட்டியல் போய் மொழிப் பட்டியல் வந்தது. 13 பேர் என்பது ஏழு பேராகியது. ஆங்கிலம் பேசும் ஜூரி, சிங்களம் பேசும் ஜூரி, தமிழ் பேசும் ஜூரி என்று மூன்று பட்டியல்கள். எந்தப் பட்டியலிலிருந்து தனக்கு ஜூரி வேண்டும் என்று தெரிவு செய்வது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. இன்றும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான்.

இந்த மொழிப் பட்டியலை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் பேசும் ஜூரி என்றால் அதில் தமிழரும் இருக்கலாம், முஸ்லிமும் இருக்கலாம். அரசியலில் எத்தனையோ முறை பிரிந்து நின்ற இரண்டு சமூகத்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே சாட்சியைக் கேட்டு, ஒரே அறைக்குள் போய்ப் பேசி, ஒரு வார்த்தையில் உடன்பட வேண்டிய இடம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

இனி, ஜூரி சபைகள் தீர்ப்புச் சொன்ன சில வழக்குகளைப் பார்ப்போம். நம் வாப்பாமார் பத்திரிகையில் வாசித்து, தேநீர்க் கடையில் வாதாடிய வழக்குகள் இவை.

புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் சதாசிவம், 1951இல் தன் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். 1953இல் நீதியரசர் கிரேஷன் முன்னிலையில் விசாரணை நடந்தது. எதிரித் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். நாடு முழுக்க ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருந்த வழக்கு அது. ஆனால் சாட்சிகள் எல்லோரையும் கேட்டு, மருத்துவ நிபுணர்களின் வாதப் பிரதிவாதங்களையும் கேட்டிருந்த ஏழு பேரும் குற்றவாளி இல்லை என்று ஒரே முகமாகச் சொன்னார்கள். அவர் வீடு திரும்பினார்.

பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959இல் சுடப்பட்டு இறந்தார். 1961இல் நீதியரசர் ரி.எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் ஜூரி சபை அந்த வழக்கைக் கேட்டது. நாடே கொந்தளித்துப்போயிருந்த நேரம். ஐந்து பேரையும் தூக்கில் போடு என்று வீதியில் கத்துவது லேசு. ஜூரிமார் ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் குற்றவாளிகள், இரண்டு பேர் குற்றவாளிகள் அல்லர் என்றார்கள்.

ஜூரி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் நம் சமூகத்தின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆட்சியாளர்கள் படைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சாதாரண நீதிமன்றமும் ஜூரியும் ஒதுக்கப்பட்டு, இராணுவ நீதிமன்றங்கள் அவசர அவசரமாகத் தண்டனை விதித்தன. ஹென்றி பெதிரிஸ் என்ற சிங்கள இளைஞர் அப்படி விசாரிக்கப்பட்டு 1915 ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சிங்கள மக்கள் இன்றுவரை நம்புகிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நாம். நம் பெயரால் அவசர நீதி வழங்கப்பட்டது. அதனால் நமக்கு என்ன கிடைத்தது? கலவரத்தின் புண்ணுக்கு மேல் இன்னொரு புண் சேர்ந்தது. முறையாக விசாரிக்கப்படாத தண்டனை பாதிக்கப்பட்டவனுக்கும் நன்மை தராது என்பதை நம் சொந்த வரலாற்றிலிருந்தே படிக்கலாம்.

1962இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வழக்கு. சந்தேக நபர்களை விசாரிக்க, நடந்து முடிந்த சம்பவத்துக்குப் பின்னால் ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. ஜூரி இல்லை. மூன்று நீதியரசர்கள், அவர்களையும் அமைச்சரே நியமிப்பார் என்றது அந்தச் சட்டம். அப்படி நியமிக்கப்பட்ட நீதியரசர்களே, இது செல்லாது என்று மறுத்தார்கள். சட்டம் திருத்தப்பட்டு வேறு நீதியரசர்கள் விசாரித்துத் தண்டித்தார்கள். கடைசியில் இலண்டன் கோமறைக் கழகம் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லித் தண்டிக்கப்பட்டவர்களை விடுவித்தது.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கை விசாரிப்பவர் நீதிபதி மட்டுமே, ஜூரி கிடையாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும் சாட்சியாக ஏற்கப்படலாம். தமிழ் இளைஞர்கள் பல வருடங்கள் அனுபவித்த இந்தச் சட்டத்தின் கனதி, 2019 ஏப்ரல் 21க்குப் பின் நம் வீடுகளின் கதவைத் தட்டியபோதுதான் நம்மில் பலருக்குப் புரிந்தது. இதைச் சொல்வதில் வெட்கம் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ஜூரி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை.

திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி பெண்களும் சிறுவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் ஜூரி சபையின் தீர்ப்பின்படி குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதே வருடம் டிசம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி சபை குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அப்படியான ஜூரி வேண்டாம் என்று பாதிக்கப்பட்ட தரப்பு முன்கூட்டியே ஆட்சேபித்திருந்தது. ஜூரியைத் தெரிவு செய்யும் உரிமை சட்டப்படி எதிரிக்கே உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்கு இல்லை.

அந்தத் தீர்ப்புகள் சரியா பிழையா என்று நாம் இங்கிருந்து சொல்ல மாட்டோம். சாட்சிகளை முழுவதும் கேட்டவர்கள் நாமல்ல. ஆனால் ஒரு கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். கூண்டில் நிற்பவர் நம் ஊர்ப் பிள்ளை, இறந்தவர் வேறு சமூகத்தவர், ஏழு கதிரைகளில் ஒன்றில் நாம். அப்போது நாம் எப்படி நடந்துகொள்வோம்? பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகப் போனாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதி செய்யத் தூண்ட வேண்டாம் என்பதும் நம் மார்க்கத்தின் கட்டளைகள். ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதைச் செய்து காட்ட ஒரு கதிரை கிடைத்தால், மெடிக்கல் தேடுகிறோம்.

இன்று நம் நாட்டில் ஜூரி விசாரணைகள் அரிது. பாரதூரமான சில குற்றங்களுக்கு மட்டுமே, அதுவும் எதிரி கேட்டால் மட்டுமே ஜூரி. அரிதாக வரும் அந்த அழைப்பையும் தட்டிக் கழித்துவிட்டால், யார் இருக்க வேண்டிய கதிரை அது என்று பிறகு கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, அந்தத் தம்பி கேட்க மறந்த கேள்விக்கு வருவோம். என்ன கொண்டுபோக வேண்டும், என்ன நடக்கும்?

அழைப்பாணையை எறிந்துவிட வேண்டாம். அதையும் தேசிய அடையாள அட்டையையும் கையில் எடுங்கள். திகதியையும் நேரத்தையும் பார்த்து, வேலைத்தலத்தில் ஒரு பிரதியைக் கொடுத்து முன்கூட்டியே அறிவியுங்கள். காரணமில்லாமல் போகாவிட்டால் தண்டப்பணம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மையாகவே நோய், தவிர்க்க முடியாத கஷ்டம் என்றால் அதை நீதிமன்றத்திடமே சொல்லுங்கள். பொய் மெடிக்கல் வேண்டாம். நீதி சொல்லப் போகும் பயணத்தைப் பொய்யில் தொடங்குவது எப்படி?

மூக்குக் கண்ணாடி, நேரத்துக்குப் போட வேண்டிய மருந்து, தண்ணீர்ப் போத்தல், பஸ்ஸுக்குச் சில்லறைக் காசு. கண்ணியமான உடை. போனை நிறுத்தி வையுங்கள். காத்திருக்க நேரும், முதல் நாளே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொழுகை நேரம் பற்றிய கவலை இருந்தால் நீதிமன்ற உத்தியோகத்தரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

அங்கே தேவையானதை விடக் கூடுதலானவர்களை அழைத்திருப்பார்கள். பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பெயர் கூப்பிடுவார்கள். எந்தத் தரப்பாவது உங்களை வேண்டாம் என்று மறுக்கலாம், காரணம் சொல்லாமலும் மறுக்கலாம். அதை அவமானமாக எடுக்காதீர்கள், அது சட்டம் தந்த உரிமை. எதிரியையோ, இறந்தவரையோ, சாட்சியையோ உங்களுக்குத் தெரியும் என்றால் நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள்.

ஏழு பேரும் தெரிவானதும் சத்தியமோ உறுதிமொழியோ எடுப்பீர்கள். உங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்வீர்கள். பிறகு சாட்சிகளைக் கேட்க வேண்டும். விளங்காத இடம் இருந்தால் நீதிபதியின் ஊடாகக் கேட்கலாம். முடிவில் நீதிபதி சட்டத்தை விளக்குவார். நீங்கள் தனி அறைக்குப் போய்ப் பேசுவீர்கள். தீர்ப்பு ஏகமனதாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை வேண்டும். நியாயமான சந்தேகம் மனதில் இருந்தால் அதன் பலன் எதிரிக்கே. ஆறு பேர் ஒரு பக்கம் நின்றாலும், மனச்சாட்சிக்குப் படாத ஒன்றுக்குக் கை தூக்காதீர்கள். உங்கள் பக்கம் பிழை என்று விளங்கினால் வீம்புக்கு நிற்கவும் வேண்டாம்.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. பேஸ்புக்கில் வாசித்தது, கடைத் தெருவில் கேட்டது, "நம்ம ஆள்" என்ற எண்ணம், "அவங்கட ஆள்" என்ற எண்ணம். இவற்றைக் கோட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வழக்கு முடியும் வரை அதைப் பற்றி வீட்டிலும் பேசக் கூடாது, பள்ளி முன்றலிலும் பேசக் கூடாது. யாராவது "என்ன நிலைமை" என்று காதைக் கடித்தால் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் அடுத்த நாள் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், நான் பிழையாத் தீர்ப்புச் சொல்லிட்டா?"

அந்தப் பயம் இருக்கும் ஒருவர்தான் அந்தக் கதிரைக்குத் தகுதியானவர் என்று சொன்னோம். எதிரிக் கூண்டில் நம் பிள்ளை ஒரு நாள் நிற்க நேர்ந்தால், எதிரே அந்தப் பயம் உள்ள ஏழு பேர் இருக்க வேண்டும் என்றுதானே நாமும் துஆச் செய்வோம்?

அவர் உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "லீவு போட்டுட்டன் சேர்" என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் உறை வந்தால் மெடிக்கல் தேடாதீர்கள். அடையாள அட்டையைத் தேடுங்கள்.